நீலக்கோட்டு நெல்

எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்று துறைக்காரர் ஒரே மேசையில் இருந்து தேநீர் குடித்தாலே அது செய்தி. பௌதிகவியலும் இரசாயனவியலும் தாவரவியலும் சேர்ந்து ஒரே ஆய்வு செய்யப்போகின்றன என்றபோது பீடத்தில் சிரிக்காத ஆள் இல்லை. அந்த ஆய்வுக்கு ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவள் நான், துசாந்தினி. மூன்று துறைக்கும் எடுபிடி என்று சொன்னாலும் பிழையில்லை.

விஷயம் சிக்கலானதல்ல. ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் உயர்ந்த மின்னழுத்தத்தைக் கொடுத்தால் உள்ளேயிருக்கும் வாயு ஊதா நிறத்தில் ஒளிரும். அதைப் பிளாஸ்மா என்போம். அந்த ஒளியில் ஒரு பிடி விதைநெல்லை மூன்று நிமிடம் வைத்தெடுத்தால் அது உவர் நிலத்திலும் முளைத்து நிற்கும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. இயந்திரம் பௌதிகவியலுடையது. இலைக்குள் எவ்வளவு உப்பு ஏறியது என்று பார்ப்பது இரசாயனவியல். பயிர் பிழைக்கிறதா சாகிறதா என்று பார்ப்பது தாவரவியல். எல்லாவற்றுக்கும் தலைவர் பேராசிரியர் விசுவலிங்கம். நல்ல மனிதர்தான். முடிவு மோசமாக வந்தால் மட்டும் இரண்டு நாளைக்கு யாருடனும் பேசமாட்டார்.

உவர் நிலம் தேடி நாங்கள் அலையவில்லை. நான் முருங்கன்காரி. திருக்கேதீஸ்வரத்துக்கு அங்கால், கட்டுக்கரைக்குளத்து வாய்க்கால் எட்டாத கடற்பக்கத்தில், உப்புப் பூத்துக் கிடக்கும் வயல்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அங்கே சாந்தரூபன் அண்ணைக்கும் கத்தரின் அக்காவுக்கும் இரண்டு ஏக்கர் இருந்தது. இருவரும் பிள்ளைப் பராயத்தில் வள்ளமேறித் தமிழ்நாட்டுக்குப் போய், மண்டபம் முகாமிலேயே வளர்ந்து கலியாணம் முடித்து, இருபத்தைந்து வருடம் கழித்துத் திரும்பியவர்கள். திரும்பி வந்தபோது உவர்த்தடுப்பு அணை உடைந்து, கடல் அவர்கள் வயலுக்குள் தன்பாட்டில் வந்து போய்க்கொண்டிருந்தது. மாரிமழையோடு மூன்று காலபோகம் விதைத்தார்கள். மூன்றும் கருகின.

பக்கத்து வயல்களையெல்லாம் ஓர் இறால் பண்ணைக்காரர் எழுதி வாங்கிவிட்டார். நடுவில் இவர்களுடைய துண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. காலபோகத்துக்கு முன்னம் பதில் சொல்லச் சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"குடுத்தா நாங்கள் எங்க போறது, தங்கச்சி?" என்றார் சாந்தரூபன் அண்ணை, நான் முதல் தரம் போன அன்று. "அங்க அகதி எண்டாங்கள். இஞ்சயும் அகதியாத் திரியிறதோ? உங்கட மிசின் நெல்லு நிண்டுதெண்டா நான் விதைப்பன். நிக்காட்டி எழுதிக் குடுத்திட்டுப் போறன். எனக்கு வேற வழியில்ல."

இவ்வளவு பாரத்தை என் தலையில் வைக்கிறாரே என்று எனக்குப் பயமாகவும் இருந்தது, உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் கூட இருந்திருக்க வேண்டும்.

அவர்கள் முற்றத்தில் இருபத்துநான்கு பிளாஸ்ரிக் பேசின்களை வைத்தோம். அடியில் ஓட்டை போட்டு, அவர்கள் வயல் மண்ணையே நிரப்பினோம். விதையும் அவர்கள் சாக்கிலிருந்து எடுத்ததுதான். பாதியை யாழ்ப்பாணம் கொண்டுபோய் இயந்திரத்தில் வைத்துக் கொண்டுவந்தேன். அதைப் போட்ட பன்னிரண்டு பேசினுக்கு நீலக்கோடு. சும்மா விதை போட்ட பன்னிரண்டுக்கும் சிவப்புக்கோடு. தண்ணீர் ஊற்றுவது கத்தரின் அக்காவின் பொறுப்பு.

"அக்கா, எல்லாத்துக்கும் ஒரே அளவு. எல்லாத்துக்கும் முற்றத்துக் கிணத்துத் தண்ணி. உப்பெண்டாலும் அதைத்தான் ஊத்தவேணும். சாகிறது சாகட்டும், பரவாயில்ல" என்றேன்.

"ஓம் ஓம், விளங்குது" என்றார் அக்கா.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை போனேன். முதல் வேலையாகக் கிணற்றடிக்குப் போய் உப்பு அளக்கும் மானியைத் தண்ணீரில் விடுவேன். வருகிற அளவை அட்டவணையில் இருபத்துநான்கு பேசினுக்கும் எழுதுவேன். பிறகு இலைகளை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, அக்கா தரும் தேநீரைக் குடித்துவிட்டு பஸ் பிடிப்பேன். ஒழுங்கான வேலை, பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள்.

இரண்டாம் மாதம் சிவப்புக்கோட்டுப் பயிர் நுனி கருகி மடிந்தது. நீலக்கோட்டுப் பயிர் ஒரு சாண் உயரத்தில் பச்சைப்பசேலென்று நின்றது. சாந்தரூபன் அண்ணை பேசினுக்கு முன்னால் குந்திக்கொண்டு, தொடப் பயந்தவர் போல இலையைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

இலைகளைச் சோதித்தால் அதைவிடப் பெரிய புதினம். நீலக்கோட்டு இலையில் உப்பு இல்லையென்றே சொல்லலாம். அவ்வளவு உவர்த்தண்ணீரில் வளர்ந்த பயிருக்கு அது நடக்கவே முடியாத காரியம். நடக்க முடியாதது நடந்தால் எங்கேயோ பிழை என்று யோசிப்பவன்தான் படித்தவன். நாங்கள் மூன்று துறையும் கூடியிருந்து அதற்கு விளக்கம் கண்டுபிடித்தோம். பிளாஸ்மா உமியின் மேற்பரப்பைச் செதுக்கிவிட்டது என்றது பௌதிகவியல். நைதரசன் சேர்வைகள் உமியில் ஒட்டிக்கொண்டன என்றது இரசாயனவியல். வேரின் கலமென்சவ்வு உப்பை மறிக்கப் பழகிவிட்டது என்றது தாவரவியல். மூன்றையும் அழகாகக் கோத்துக் கட்டுரை எழுதியவள் நான். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று மூன்றே மாதத்தில் ஏற்றுக்கொண்டது. பேராசிரியர் பீடம் முழுவதற்கும் பட்டிஸ் வாங்கிக் கொடுத்தார்.

சாந்தரூபன் அண்ணை பண்ணைக்காரருக்கு இல்லையென்று சொல்லி அனுப்பினார். இரண்டு ஏக்கருக்கான விதையைப் பிடி பிடியாக ஊதா ஒளியில் வைத்தெடுக்க எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. கார்த்திகையில் விதைத்தார்கள். பங்குச் சுவாமி வயலுக்கு வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தாராம்.

மார்கழியில் தொலைபேசி வந்தது. "ஒருக்கா வந்து பாருங்கோ, தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். வரம்பில் நின்றபடி பார்த்தாலே போதுமாயிருந்தது. முளைத்ததெல்லாம் இரண்டு இலை விட்டு, மஞ்சளாகி, நிலத்தோடு படுத்திருந்தது. வெள்ளை பூத்த சேறும் பழுப்பு நிறச் சருகும்தான் அந்த இரண்டு ஏக்கர். சாந்தரூபன் அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பேசினில நிண்டதுதானே. அப்ப நெல்லில பிழையில்ல. நான்தான் உழவைப் பிந்திச் செய்திட்டன். அதுதான்."

"மழையும் பிந்தினது அண்ணை" என்றேன். ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னேன்.

"ஓம். அடுத்த முறை பிழை விடமாட்டன். பண்ணைக்காரர் தை முடியுமட்டும் பாப்பினமாம். அதுக்குப் பிறகு கேக்கமாட்டினம், எங்கட துண்டைச் சுத்திக் குளம் வெட்டுவினம். வெட்டட்டும். நாளையிண்டைக்குக் கடைசியா இல்லையெண்டு எழுதிக் குடுக்கப்போறன்."

வீட்டுக்கு வந்தோம். அண்ணை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். கத்தரின் அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். வெயிலில் நடந்து வந்த களை, ஒரே மூச்சில் குடித்தேன். அவர் பக்கத்தில் நின்று அடுக்களைப் பக்கம் பார்த்தபடி தனக்குத்தானே கதைப்பதுபோலச் சொன்னார்:

"வயலுக்கும் பவுசர்த் தண்ணி ஊத்த முடிஞ்சிருந்தா நிண்டிருக்கும். இரண்டு ஏக்கருக்கு எங்க போறது. பேசினெண்டபடியா ஏதோ சமாளிச்சன்."

செம்பு கையிலிருக்க நான் அவரைப் பார்த்தேன். "அக்கா, பேசினுக்குக் கிணத்துத் தண்ணிதானே ஊத்தினீங்கள்?"

"எங்கட சிவப்புக்கு ஊத்தினனான்." குரலில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. "உங்கட நீலத்துக்கு எப்பிடி ஊத்திறது? அது யாழ்ப்பாணம் போய் வந்த நெல்லெல்லே. படலைக்கு வெளியில இருந்து வந்த ஒருத்தருக்கும் நாங்கள் சவர்த்தண்ணி குடுக்கிறேல்ல, தங்கச்சி. நல்ல தண்ணி கொண்டு பவுசர் கிழமைக்கு இரண்டு தரம் வரும். எங்களுக்குக் குடிக்கத் தாறதில எடுத்து வச்சு ஊத்தினன். நாங்கள் கிணத்துத் தண்ணியைக் கொதிக்கவச்சுக் குடிச்சம். நீங்கள் ஏசுவியளெண்டு உங்களுக்கும் சொல்லேல்ல, அவருக்கும் சொல்லேல்ல."

அந்தப் பக்கத்தில் வருகிறவர்களுக்கு நல்ல தண்ணீர்தான் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? ஐந்து மாதமாக அந்த வீட்டில் நான் குடித்த தேநீர் ஒரு நாளும் கரித்ததில்லை. ஏன் கரிக்கவில்லை என்று நான் ஒரு தரமாவது யோசிக்கவில்லை. அதைவிட வெட்கக்கேடு, மானி என் தோள்பையிலேயே இருந்தது. கிணற்றடியிலிருந்து பேசினடிக்குப் பத்து அடி. ஒரு பேசின் மண்ணிலாவது அதைக் குத்திப் பார்த்திருந்தால் இரண்டாம் கிழமையே எல்லாம் வெளித்திருக்கும். கிணற்றை அளந்தால் பேசினையும் அளந்த மாதிரி என்று நினைத்தேன். மூன்று துறைப் பேராசிரியர்களும் என் அட்டவணையைப் பார்த்து அதையே நினைத்தார்கள். பிளாஸ்மா ஒரு நெல்லையும் காப்பாற்றவில்லை.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்கு வாறன் அண்ணை, அதுவரைக்கும் ஒண்டும் எழுதிக் குடுக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடினேன்.

பேராசிரியர் முழுவதையும் கேட்டார். கோபிக்கவில்லை. கதிரையில் சாய்ந்தார்.

"திருத்தம் ஒண்டு அனுப்பத்தான் வேணும்" என்றார். "எழுதும். கள உதவியாளர் அறிவுறுத்தலுக்கு மாறாக நல்ல நீர் ஊற்றியதால் முடிவுகள் செல்லுபடியாகாது."

"சேர், பேசினில உப்பு அளக்காதது நான். கிணத்து அளவை எல்லாத்துக்கும் அப்பிடியே போட்டதும் நான்."

"அது எனக்கு விளங்குது. அதை எழுதினா உம்மட ஆய்வேடு முழுக்கப் போகும். மற்றப் பரிசோதனையளையும் ஒருத்தரும் நம்பமாட்டினம். இதை எழுதினா இந்த ஒண்டு மட்டும்தான் போகும். நாலு வருசம் படிச்சிருக்கிறீர். யோசியும்."

நான் யோசிக்கவில்லை. சொன்னபடி தட்டெழுதினேன். ஆங்கிலத்தில் ஒன்றரை வரி. அதை அச்செடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க அந்த ஒன்றரை வரியை எப்படிச் சொல்வது என்று நூறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

இருவரும் கதிரைகளைப் போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள். இயந்திரத்தால் ஒரு பயனும் இல்லை, அடுத்த போகமும் சாகும், பண்ணைக்காரருக்கு இல்லையென்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சாந்தரூபன் அண்ணை கதிரை நுனிக்கு வந்தார்.

"அப்ப பேசினில நிண்டது?"

நான் கையிலிருந்த தாளை மடித்து விரித்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"அதில என்ன எழுதியிருக்கு? வாசியுங்கோ."

வாசித்தேன். ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் சொன்னேன். வேறென்ன செய்வது.

"கள உதவியாளர் எண்டா ஆர்?" என்று கேட்டார்.

எனக்கு முன்னம் கத்தரின் அக்கா பதில் சொன்னார். "நான்தான்."

சாந்தரூபன் அண்ணை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஏசியிருந்தால், கை ஓங்கியிருந்தால்கூட எனக்கு இலகுவாக இருந்திருக்கும். குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, வேலியோரம் போய் நின்று பண்ணைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். "ஓம், சம்மதம். நாளைக்கே வாறன்" என்பது எங்கள் இருவருக்கும் கேட்டது.

"அண்டைக்கு நான் கிணத்துத் தண்ணி ஊத்தியிருந்தா, நீலமும் செத்திருக்கும், என்ன?" என்று கேட்டார் அக்கா.

"ஓம் அக்கா."

"அப்ப நாங்கள் விதைச்சிருக்கமாட்டம். இவ்வளவு காலம் நம்பிக்கொண்டும் இருந்திருக்கமாட்டம்."

"அக்கா, பிழை என்ர. நான் அளந்து பாத்திருக்கவேணும்."

"நீங்கள் படிக்கிற பிள்ளை, உங்களுக்கு என்ன தெரியும்" என்று அவர் என் கையைப் பிடித்தார். உண்மையாகத்தான் சொன்னார். "சும்மா உதவியாளர் எண்டு போடாதேங்கோ. என்ர பேரைப் போடுங்கோ. கத்தரின் எண்டு. மனிசர் வாசிச்சுக் கேட்டா, ஆர் விட்ட பிழையெண்டு தெரியத்தானே வேணும்."

அந்த ஒன்றரை வரியை வெட்டிவிட்டு 'ஆய்வு மாணவி பேசின்களை அளக்கவில்லை' என்று எழுத ஒரு நிமிடம் போதும். மடிகணினி என் பையில்தான் இருந்தது. பஸ்ஸில் இரண்டு தரம் வெளியே எடுத்தேன். இரண்டு தரமும் உள்ளே வைத்தேன். மறுநாள் காலை, பேராசிரியர் சொன்ன வசனத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் ஆய்விதழுக்கு அனுப்பினேன். கத்தரின் அக்காவின் பெயரைப் போடவில்லை. அது ஒன்றுதான் நான் அவருக்குச் செய்த உபகாரம்.