தலையும் கழுத்தும் என் பொறுப்பு

என் வீட்டுக்காரர் லாசரஸின் தலை ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர் சுற்றளவு. கழுத்து பதினைந்தரை அங்குலம், அதுவும் குட்டைக் கழுத்து. தையல்காரியைக் கட்டிக்கொண்டவர் அளவு கொடுக்காமல் தப்ப முடியாது. ஆனால் நான் இந்த அளவுகளை எடுத்தது சட்டை தைப்பதற்காக இல்லை.

வாரம் ஆறு நாள் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு வண்டியை ஆமை வேகத்தில் ஓட்டுகிற மனுஷருக்கு ஏழாம் நாள் பறக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மெக்கானிக் சாகுல் ஹமீது அவருடைய சிநேகிதர். இருவரும் சேர்ந்து ஒரு பழைய காரை வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் பிய்த்தெறிந்து, இரும்புக் குழாய்களை வளைத்துக் கூண்டு கட்டினார்கள். ஜொகூரில் பாசிர் கூடாங் பக்கம் பந்தயப் பாதை திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் சமைக்காமல்கூட இருந்து பார்த்தேன். அவர்கள் கடையில் பரோட்டா வாங்கித் தின்றுவிட்டு மறுபடி காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். கார் அவர்கள் பொறுப்பு. தலையும் கழுத்தும் என் பொறுப்பு. நான் சரி என்று சொல்லாத ஹெல்மெட்டோடு அவர் காரில் ஏறக் கூடாது. லாசரஸ் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். இது நடந்தது எண்பத்தெட்டாம் வருஷம், அக்டோபரில்.

சையது அல்வி ரோட்டில் ஜலாலுதீன் பாய் ஹெல்மெட் கடை வைத்திருந்தார். முதலில் அவர் என்னைக் கண்டுகொள்ளாமல் லாசரஸிடமே பேசினார். கைப்பையிலிருந்து நான் டேப்பை எடுத்ததும் என் பக்கம் திரும்பினார்.

"புருவத்துக்கு மேல ஒரு விரல் தள்ளி அளங்கம்மா. அதான் கணக்கு."

முதலில் போட்டது லாசரஸுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "இது நல்லாருக்கு பாய். உள்ள காத்து போகுது."

"காத்து போனா தலையும் போயிடும் சார்," என்றார் பாய். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போனது.

அவர் சொல்லச் சொல்ல நான் சோதித்தேன். ஹெல்மெட்டைப் பிடித்துத் திருப்பினால் கன்னத் தோலும் கூடவே திரும்ப வேண்டும். தோல் நின்று ஹெல்மெட் மட்டும் திரும்பினால் அது பெரிது. வாரைக் கட்டிவிட்டுப் பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். கழன்று வந்தால் வேண்டாம். நான் காலை ஊன்றிக்கொண்டு தூக்கினேன்.

"ஏய், என் காது!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

மூன்றைக் கழித்துவிட்டேன். நான்காவது அசையவில்லை. பத்து நிமிஷம் அதோடு உட்கார வைத்துக் கழற்றிப் பார்த்தேன். நெற்றியில் ஒரே இடத்தில் அழுத்திச் சிவந்திருக்கவில்லை, சுற்றிலும் ஒரே மாதிரி தடம் இருந்தது. அதே அளவில் கனமான ஒன்றும் இருந்தது. மோதும்போது தலையின் கனத்தையும் ஹெல்மெட்டின் கனத்தையும் கழுத்துதான் தாங்க வேண்டும் என்று பாய் சொன்னதால் லேசானதையே எடுத்தேன். கழுத்தைச் சுற்றிப் போடும் பஞ்சுப் பட்டையில் மூன்று உயரம் வைத்திருந்தார். நடு உயரம்தான் ஹெல்மெட்டின் அடி விளிம்புக்குச் சரியாக முட்டுக்கொடுத்தது.

பாய் உள்துணியின் பொத்தான்களைக் கழற்றிக் காட்டினார். அடியில் வெள்ளை ஸ்டைரோஃபோம் இருந்தது.

"அடிய வாங்கிக்கிறது இதுதாம்மா. இது நசுங்கும், தலை நசுங்காது. பெட்ரோல், தின்னர் எதையும் இதுக்குப் பக்கத்துல கொண்டு போயிடாதீங்க."

தலையாட்டினேன். பெட்ரோலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அது ஆண்களுக்குச் சொன்ன புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெல்மெட் புக்கிட் மேரா வீட்டுக்கு வந்து அலமாரி மேல் உட்கார்ந்தது. அதைப் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லதாகத்தான் பார்த்து வாங்கியிருந்தேன், ஆனால் அது போதும் என்று மனசு ஒப்பவில்லை. கார்மேல் மாதா உத்தரியத்தையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். இரண்டு சின்னப் பழுப்புத் துணித் துண்டு, நடுவில் நூல், கழுத்தில் அணிவது. பந்தயத்தில் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது, அது விதி என்று சொல்லிவிட்டார். விதிதான், நான் சாகுல் ஹமீதிடமும் விசாரித்தேன்.

கழுத்தில் கூடாது என்றால் தலையில் இருக்கட்டுமே என்று தோன்றியது.

அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் உத்தரியத்தின் ஒரு துண்டை வெட்டி எடுத்தேன். ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்றினேன். துணியில் தைத்தால் தலையில் உறுத்தும், அவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் அடியிலிருந்த வெள்ளை மெத்தையில், சரியாக உச்சிக்கு மேலே, பெல்ட்டுக்குத் துணி ஒட்ட நான் வைத்திருக்கும் மஞ்சள் பசையைத் தடவி ஒட்டினேன். விழுந்துவிடக் கூடாதே என்று தாராளமாகவே தடவினேன். ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் பொத்தான்களைப் போட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காகப் பசித்தது.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு அவர் ஜொகூருக்குப் போய்ப் பயிற்சி ஓட்டிவிட்டு வந்தார். நான் ஜெபமாலையோடு ஜன்னலில் நின்றேன். அவர் முழுசாகத் திரும்பி வரும்போதெல்லாம் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

பந்தயம் டிசம்பர் மாத ஞாயிறு ஒன்றில் வந்தது. விடியுமுன்னே லாசரஸும் சாகுல் ஹமீதும் லாரியில் காரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். நான் ஆஃபிர் ரோடு மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டுப் பெண்களோடு கிறிஸ்துமஸ் குடில் கட்ட உட்கார்ந்தேன். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். பிலோமினம்மாள்தான் குடிலுக்குத் தலைவி. அந்த வருஷம் மாட்டுக் கொட்டிலை ஸ்டைரோஃபோமில் செய்வது என்று முடிவு செய்து, மீன் கடையிலிருந்து பெட்டிகளைக் கொண்டுவந்து வெட்டி வைத்திருந்தார். ஒட்டுவதற்கு நான் வீட்டிலிருந்து மஞ்சள் பசை டின்னைக் கொண்டுபோயிருந்தேன்.

கூரைத் துண்டில் பசையைத் தடவிச் சுவரில் வைத்தேன். மெல்லப் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கையை எடுத்தேன். பசை பட்ட இடம் உள்வாங்கி, குழிந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடிவரைக்கும் ஓட்டை விழுந்தது.

"என்னடி அருளு, உன் பசை குடிலைத் தின்னுது?" என்று பிலோமினம்மாள் சிரித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஓட்டை குடிலில் விழுந்ததாகவே எனக்குத் தெரியவில்லை. அவர் உச்சந்தலைக்கு நேர் மேலே விழுந்த மாதிரி இருந்தது. பசை டின்னின் முதுகைப் பார்த்தேன். தின்னர் கலந்தது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

மணி பத்தேகால். பந்தயம் இரண்டு மணிக்கு. கூப்பிட்டுச் சொல்ல அங்கே ஒரு தொலைபேசி எண்கூட என்னிடம் இல்லை. பாஸ்போர்ட் வீட்டில் கிடந்தது. டாக்சி பிடித்து புக்கிட் மேராவுக்குப் போய், அதை எடுத்துக்கொண்டு குவீன் ஸ்திரீட்டுக்கு வந்து, ஜொகூர் டாக்சியில் ஏறினேன். நான்கு பேர் சேர்ந்தால்தான் எடுப்பேன் என்றான் ஓட்டுநர். நாலு பேர் கூலியையும் நானே தருகிறேன் என்று கத்தினேன்.

உட்லண்ட்ஸ் பாலத்தில் வண்டிகள் அசையவே இல்லை. என்னால் ஜெபம்கூடச் சொல்ல முடியவில்லை. மாதாவிடம் என்னவென்று கேட்பது? உன் துணியை வைத்தே என் புருஷன் தலையில் குழி தோண்டினேன் என்றா? பயத்தில் செய்தேன் தாயே, கெட்ட எண்ணத்தில் இல்லை என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஜொகூரில் இறங்கி வேறு டாக்சி பிடித்தபோது மணி ஒன்றே கால். பாதி வழியில் மழை கொட்டியது. மழையில் கார் வழுக்கும் என்று நினைத்து இன்னும் பயந்தேன்.

அந்த மழைதான் காப்பாற்றியது. தண்ணீர் வடியட்டும் என்று பந்தயத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருந்தார்கள். லாசரஸ் கொட்டகையில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட் மடியில் இருந்தது. நனைந்து வந்து நின்ற என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்ன ஆச்சு? வீட்டுல யாருக்கும் ஏதும்..."

"ஹெல்மெட்ட போடாதீங்க. உள்ள உத்தரியத்த நான் ஒட்டி வச்சேன். அந்தப் பசை ஸ்டைரோஃபோம தின்னுடும். மேல ஓட்டை விழுந்திருக்கும்."

அவர் திடுக்கிடவில்லை. காபிக் குவளையைக் கீழே வைத்தார். சாகுல் ஹமீது இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மொத பிராக்டிஸ் முடிஞ்சு துணியக் காயப் போட கழட்டினேன். அப்பவே பாத்தேன். மூணு வாரம் ஆச்சு."

"தெரிஞ்சுமா போட்டுக்கிட்டு ஓட்டுனீங்க?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? மாதா துணிய வச்சு நீயே கெடுத்துட்டன்னு தெரிஞ்சா நீ உடைஞ்சு போயிடுவ."

"உங்க மண்டை உடைஞ்சா நான் உடைய மாட்டேனா?"

கத்திவிட்டேன். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, அவரை அறையவும் கை வந்தது. எனக்காக மறைத்தார் என்பது உண்மைதான், அவர் அப்படிப்பட்டவர்தான். ஆனால் அது பாதி உண்மை. சொன்னால் பந்தயம் போய்விடும் என்பது மீதி. பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த மீதி தெரியாதா?

"இன்னிக்கு ஒரு நாள்தான் அருளு," என்றார். "இதுக்கப்புறம் புதுசு வாங்கிடலாம்."

நான் அவர் கையிலிருந்து ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கொண்டு பரிசோதகரைத் தேடிப் போனேன். அவர் பெயர் ரவூப், பினாங்குக்காரர், தமிழ் பேசுகிறவர். காலையில் வெளிப்பக்கத்தையும் வாரையும் பார்த்து இதற்குச் சரி என்று ஸ்டிக்கர் ஒட்டியவர் அவர்தான். உள்துணியை நான் கழற்றிக் காட்டினேன். பழுப்புத் துணி ஓரத்தில் தொங்கியது. அதைத் தூக்கிவிட்டு அவர் கட்டைவிரலை உள்ளே விட்டார். விரல் முழுசும் போய் வெளி ஓட்டில் முட்டியது.

"யா அல்லாஹ்," என்றார். "யார் செஞ்சது?"

"நான்தான். சாமி துணின்னு ஒட்டினேன். அறியாம செஞ்சது."

அவர் என்னைத் திட்டவில்லை. பின்னாலேயே ஓடிவந்து நின்ற லாசரஸைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் லாசரஸ்.

ரவூப் ஒரு கத்தரிக்கோலை எடுத்து ஹெல்மெட்டின் வாரை வெட்டிப் போட்டார், இனி யாரும் அதைப் போடக் கூடாது என்பதற்காக. "தெரியாம நடந்ததுக்கு உங்க மேல தப்பு இல்ல. நல்ல ஹெல்மெட் ஒண்ணு கடன் வாங்கிட்டு வாங்க. பாத்துட்டு விடுறேன். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

சாகுல் ஹமீது அதற்குள் யாரிடமோ ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஓகே லா, இது புதுசு மாதிரி, நல்ல சாமான்." லாசரஸ் போட்டு வாரைக் கட்டினார். நான் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். ஹெல்மெட் திரும்பியது, அவர் கன்னம் அப்படியே நின்றது.

"பெரிசு," என்றேன்.

"ஒரு சைஸ்தான். உள்ள துணி வச்சுக்கிறேன்," என்றார். கண்ணாடி வழியாக அவர் கண் மட்டும் தெரிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சியது அந்தக் கண். ரவூப் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அன்றைக்கு இருபத்தைந்து பேரைப் பார்த்துக் களைத்துப் போயிருந்தார் அவர்.

"சார்," என்றேன். "அவருக்குத் தெரியும். மூணு வாரமாத் தெரியும். இப்பதான் என்கிட்ட சொன்னாரு."

ரவூப் பேனாவை மூடினார். பழுதான ஹெல்மெட் என்று தெரிந்தே ஓட்டினால் அங்கே ஒரு வருஷம் தடை. அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். ரவூப் லாசரஸிடம் பந்தய உரிமச் சீட்டைக் கேட்டு வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லாசரஸ் கடன் வாங்கிய ஹெல்மெட்டைக் கழற்றி சாகுல் ஹமீது கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கொட்டகைக்கு நடந்தார்.

மூன்று மணிக்கு மற்ற கார்கள் கிளம்பின. எங்கள் காரை லாரியில் ஏற்றினோம். முன் சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்து வந்தோம், நான் நடுவில். சாகுல் ஹமீது ஏதோ பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு ரேடியோவைப் போட்டார். பாலத்தின் மேல் வண்டி நின்றபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்கூட பேச மாட்டீங்களா?"

"மாட்டேன்," என்றார் லாசரஸ், கடலைப் பார்த்துக்கொண்டே.

"சரி," என்றேன். எத்தனை நாளைக்கு வேண்டுமானாலும் பேசாமல் இருக்கட்டும். எனக்குப் பக்கத்தில் அந்த ஐம்பத்தொன்பது சென்டிமீட்டரும் கோபத்தோடு, முழுசாக உட்கார்ந்திருந்தது.