பூக்கூடையும் ஓரகடம் பஸ்ஸும்

சிங்கப்பெருமாள் கோவில் பஸ் நிறுத்தத்துக்கு நான் ஓடி வந்து சேர்ந்தபோது மணி எட்டு ஐந்து. ஓரகடம் பஸ் எட்டு மணிக்கு; அடுத்தது பத்தரைக்குத்தான். ஒன்பதுக்குள் வந்து சேராவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிடுவோம் என்று ஓரகடம் கம்பெனிக் கடிதத்தில் கண்டிப்பாகப் போட்டிருந்தார்கள். இருபத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

"பஸ் போய்ட்ச்சும்மா, அன்னபுஷ்பம். இப்பத்தான் கண்ணால பாத்தேன்" என்றார் சைக்கிள் கடை தாண்டவராயன்.

பக்கத்தில் பூ விற்கும் பாப்பம்மாள் சிரித்தாள்.

"யோவ், இன்னா பேசற? ஓரகடம் கோயிலுக்குப் போற பூக்கூடை தோ இங்க கீது. கண்டக்டர் கண்ணப்பன் ஆறு வருஷமா இத்த வாங்கிக்கினுதான் போறாரு. கூடை இங்க கீதுன்னா பஸ் இன்னும் வர்ல."

எவ்வளவு நியாயமான பேச்சு! தாண்டவராயனோ போன மாதம்தான் ஒரு சினிமா நடிகர் தன் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு போனதாக அளந்தவர்.

"ஏண்ணே, காலங்காத்தால பொய் சொல்றீங்க? என் பொழப்பு உங்களுக்கு விளையாட்டா?" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "நான் புளுகுறவன்தாம்மா. அதுக்குன்னு எனக்குக் கண்ணு தெரியாதா?"

எட்டேகால் ஆயிற்று. பஸ் வரவில்லை. அவர்கள் இருவரும் விடாமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மாதாவே என்று முனகியபடி அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அப்போது ரயில்வே கேட் இருக்கும் வளைவிலிருந்து ஒரு காக்கிச் சட்டை ஓடி வந்தது. கண்ணப்பன்!

"பாப்பம்மா, பூவக் குடு! கேட்டு மூடறதுக்குள்ள பூந்துடலாம்னு டிரைவர் இங்க நிறுத்தாம வுட்டாரு. மூஞ்சிக்கு நேரா மூடிட்டான். ஒரு ரயில் போயும் தொறக்கல, இன்னொண்ணு வருதாம். அதான் ஓடியாந்தேன்."

கூடையை நானே வாங்கிக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினேன்.

"போய்ட்ச்சுன்னு சொன்னேன்ல!"

"பூ இல்லாம போவாதுன்னு நானும் சொன்னேன்ல!"

பின்னால் சண்டை ஓயவில்லை. பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். அவர் பார்த்ததும் சரி, அவள் சொன்னதும் சரி. ஒருத்தர் சரியென்றால் மற்றவர் பொய்யர் என்று முடிவு கட்டிய நான்தான் தப்பு.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை சைக்கிள் கடைக்குப் போய், "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

"வுடும்மா" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த நடிகர் வந்ததும் நெசந்தாம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பொய் என்று சொல்லவில்லை.