பொம்மையிடம் பழகிய கை

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த விசாரணை அறை மேசையையே புரட்டிப் போட்டிருப்பேன். சிட்டுவின் வேலை நிலைக்குமா போகுமா என்பது அங்கேதான் முடிவாக இருந்தது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சிட்டு, நான் வைத்த பெயர். படிப்பு முடித்த கையோடு எங்கள் வார்டுக்கு வந்த நர்ஸ். வந்த வாரமே தலைமை நர்ஸ் பாதி வார்டை அவள் தலையில் கட்டிவிட்டார். பழகும்வரை கூட ஓர் ஆள் இருக்கட்டுமே என்று, அதே வார்டின் பழைய நர்ஸான நான் கேட்டேன்.

"படிச்சுட்டுத்தானே வந்திருக்கா? இங்க என்ன பள்ளிக்கூடமா நடத்துறோம்?" என்றார் அந்த மகராசி.

இன்று காலை, காற்று வரவில்லை என்று அடுத்தடுத்த படுக்கைப் பெரியவர்கள் இருவர் தங்களுக்குள் இடம் மாறிக்கொண்டார்கள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. நோயாளிகளின் கையில் கட்டும் பெயர்ப்பட்டையோ, கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம், வந்தபாடில்லை. சிட்டு இன்சுலின் ஊசியோடு போய், சர்க்கரைக்காரரின் பெயரைச் சொல்லி, "நீங்கதானே ஐயா?" என்று கேட்டாள். அங்கே படுத்திருந்தவர் சர்க்கரை நோயே இல்லாதவர். காது மந்தம். எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். ஆட்டினார். ஊசி ஏறிவிட்டது.

அவருக்குச் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டியதைப் பார்த்ததும் சிட்டுதான் "அக்கா!" என்று அலறினாள். ஓடிப்போய்க் குளுக்கோஸ் ஏற்றினோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

மதியம் விசாரணை. அவளுடைய கல்லூரி டீச்சரையும் வரவழைத்திருந்தார்கள்.

"நோயாளியே வாயத் திறந்து பேரு சொல்லணும். அதக்கூடவா சொல்லித் தரல?" என்றார் தலைமை நர்ஸ்.

"முதல் பாடமே அதுதாங்க," என்றார் டீச்சர்.

சிட்டு டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். "பொம்மைய வச்சுத்தானே டீச்சர் பழகினோம்? அது எப்படிப் பேரு சொல்லும்? 'நீங்கதானே'ன்னு நாங்களே கேட்டு, 'ஆமா'ன்னு நாங்களே சொல்லிட்டு ஊசி போடுவோம். பரீட்சைல பேரு கேட்டுக் கொஞ்சம் நின்னா, நேரமாச்சுன்னு மார்க் போச்சு. இங்க நின்னா திட்டு. தப்பு என்னுதுதான், இல்லங்கல. ஆனா பக்கத்துல ஒருத்தர் நின்னிருந்தா தடுத்திருப்பாங்கல்ல?"

"நாங்க அடிப்படைதான் தர முடியும். கைப்பழக்கம் ஆஸ்பத்திரிலதான் வரணும்," என்றார் டீச்சர்.

"கைப்பழக்கத்தோட வர்றவங்கதான் எங்களுக்கு வேணும்," என்றார் தலைமை நர்ஸ்.

அடப்பாவிகளா! அப்படியானால் அந்தப் பெண் எங்கே போய்க் கற்றுக்கொள்வாள், ஆகாயத்திலா? வாய்விட்டே கேட்டேன். இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"இவளுக்குத் தன்னம்பிக்கை பத்தாது," என்றார் தலைமை நர்ஸ். டீச்சர் ஆமோதித்தார். அதுவரை முட்டிக்கொண்ட இரண்டு பேரும் அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். "நாளையிலேருந்து வர வேண்டாம்மா," என்று சிட்டுவிடம் முடித்துவிட்டார் தலைமை நர்ஸ்.

சிட்டு இன்னும் அங்கேதான் நின்றிருந்தாள். அவள் கண் துடைப்பதற்குள் தலைமை நர்ஸ் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"அடுத்த பேட்ச் எப்ப முடிக்குது? இந்தத் தடவையாவது தயாரான பிள்ளைங்களா அனுப்புங்க."

"அனுப்பிடலாங்க."

அப்போது வார்டிலிருந்து ஒரு நடுங்கும் குரல் வந்தது. "சிஸ்டர்... சிஸ்டர்..."

நான் திரும்புவதற்குள் சிட்டு ஓடிவிட்டாள். வேலையை விட்டுத் துரத்தப்பட்டவள், தன்னந்தனியாக. அவளை நிற்கச் சொல்லி அந்த இரண்டு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.