மூன்றாவது தண்ணீர்

மாரிசெல்வியின் முதுகில் முதல் முத்தைப் பார்த்தது நான்தான். விடுதி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். "ஏ புள்ள, இங்கன ஏதோ கடிச்ச மாதிரி இருக்கு, பாரேன்" என்று திரும்பி நின்றாள். சுடிதாரின் கழுத்தை விலக்கிப் பார்த்தேன். தோள்பட்டைக்குக் கீழே நீர் கோத்த ஒரு சிறு கொப்புளம். சுற்றிலும் லேசாகச் சிவந்திருந்தது. என் விரல் அதன் மேல் இருந்தது. எடுக்க எவ்வளவு நேரமாயிற்று என்று நினைவில்லை. எடுத்த பிறகு, அந்த விரலை மட்டும் தனியாக நீட்டிப் பிடித்தபடி படியிறங்கி, குழாயடியில் துணி சோப்பைப் போட்டு மூன்று முறை கழுவினேன். மாடியிலிருந்து அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருதுநகரில் சூலக்கரைப் பக்கம் இருந்த அந்த விடுதியில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். கட்டில் கிடையாது. பாய்தான். என் பாயின் ஓரமும் மாரிசெல்வியின் பாயின் ஓரமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒரே தட்டில் சாப்பிட்டோம். ஒரே சீப்பு. அன்று மதியமே அவளுடைய அப்பா வந்து பைக்கில் கூட்டிப் போனார். வார்டன் ஞானசுந்தரி மேடம் அறை வாசலிலும் வெளிக் கேட்டிலும் வேப்பிலைக் கொத்து செருகி வைத்தார். காய்ச்சல் என்றோ நோய் என்றோ யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அவளுக்கு அம்மா வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டோம். அவளது பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினார்கள். அந்த இடம் காலியாகவே கிடந்தது. என் பாயை நகர்த்திப் போட எனக்கு வேறு இடமும் இல்லை.

எனக்காக நான் பயப்படவில்லை. இப்படிச் சொல்வது இப்போது சுலபமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். என்னைப் பெற்ற அம்மாவுக்கு அதுவரை அம்மை போட்டதே இல்லை. சின்ன வயதில் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாகப் படுத்துக் கிடந்தபோதுகூட அவளுக்கு வரவில்லையாம். "ஆத்தா என்னய மட்டும் எண்ணாம விட்டுட்டா" என்று சிரிப்பாள். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பெரியவர்களுக்கு வந்தால் நெஞ்சில் இறங்கும் என்றும், தொற்றியவர்களுக்கு இருபத்தொரு நாள் வரைகூட வெளியே தெரியாமல் இருக்கும் என்றும் போனில் படித்தேன். அப்பா இல்லை. விஸ்வநத்தம் வீட்டில் நாங்கள் இருவர்தான். வழக்கமாகச் சனிக்கிழமைதோறும் போகிறவள், இருபத்தொரு நாள் போவதில்லை என்று முடிவு செய்தேன். பரீட்சை இருக்கிறது என்று சொன்னேன். தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போன் வெளிச்சத்தில் கழுத்து, வயிறு, அக்குள் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். கொசுக்கடியைப் பார்த்தால்கூட அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தேன். மாலையில் அது அமுங்கிய பிறகுதான் சோறு இறங்கியது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அம்மாவே வந்துவிட்டாள். தீபாவளி சீசன் என்பதால் அவளது பட்டாசுக் கம்பெனியில் ஞாயிறும் அரை நாள் வேலை. முடித்து, குளித்து, சாத்தூர்க்காரர் கடையில் காராச்சேவு வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். கேட்டில் இருந்த வேப்பிலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "யாருக்கு வந்திருக்கா?" என்றாள். மாரிசெல்விக்கு என்றேன். பொட்டலத்தைச் சிமெண்ட் பெஞ்சில் வைக்கச் சொல்லி நான் வேப்பமரத்தடியிலேயே நின்றேன்.

"என்ன புள்ள, பொண்ணு பாக்க வந்த மாப்ள வீட்டுக்காரி மாதிரி அங்கனயே நின்னு பாக்க?"

"ஒனக்கு ஒட்டிக்கிருமின்னுதாம்மா."

"ஆத்தா வர்றதுன்னா ஒன்னக் கேட்டா வருவா?" என்றாள். பிறகு தன் கையைத் தூக்கிக் காட்டினாள். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் அலுமினியப் பொடியின் சாம்பல் நிறம் போகாது. "எங்கையுந்தான் சுத்தமில்ல. சரி, தூரத்துலயே இரு." பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள். அரை மணி நேரம் இருந்திருப்பாள். போகும்போது கேட்டருகே நின்று என்னையே பார்த்தாள். நான் கையசைத்தேன். அவ்வளவுதான்.

அம்மை இறங்கத் தலைக்கு ஊற்றும் மூன்று தண்ணீரும் ஊற்றிக்கொண்டு மாரிசெல்வி திரும்பி வந்தாள். முகமெல்லாம் கறுத்த பொருக்கு. "ஒரே தட்டுல தின்னுட்டு ஒனக்கு மட்டும் வராமப் போயிருமாக்கும்? எனக்குன்னா வீட்ல தினமும் எளநி. வந்தா அனுபவிச்சுக்க" என்றாள். அவள் தன் பாயை எடுத்துப் பழைய இடத்தில் விரித்தாள்.

பதினேழாம் நாள், புதன்கிழமை, இடது காதுக்குக் கீழே ஒன்று இருந்தது. வயிற்றில் இரண்டு. உடம்பு முதல் நாளே சுட ஆரம்பித்திருந்தது. குளியலறையை விட்டு வெளியே வந்து போனை எடுத்தபோது மணி ஏழு. அம்மா கம்பெனி வேனுக்குக் காத்து நின்றபடி தினமும் பேசும் நேரம்.

"கொரலு என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"இப்பத்தான எந்திரிச்சேன்."

"ஒடம்பு சுடுதா? வந்திருந்தா மறைக்காமச் சொல்லிரு புள்ள. ஒன்னய வீட்டுக்குக் கூட்டியாந்துருதேன். ஆத்தா வந்த வீட்டு ஆள மருந்து ரூமுக்குள்ள விட மாட்டாக, தெரியுமில்ல? போர்மேனே போ தாயின்னு அனுப்பிருவாரு."

தெரியும். அம்மா வேலை பார்த்த கம்பெனியில் அது எழுதாத சட்டம். வீட்டில் யாருக்காவது அம்மை என்றால் அந்த வீட்டு ஆள் மூன்றாவது தண்ணீர் முடியும்வரை கேட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. ஆத்தாவும் சூடு, வெடிமருந்தும் சூடு, ரெண்டும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்பார்கள்.

வேன் ஹாரன் கேட்டது. பெத்தணன் அண்ணன் தெருமுனையில் எல்லாருக்குமாக ஒரு ஹாரன் அடிப்பார். அம்மா எப்போதும் பேசிக்கொண்டே நின்றுவிடுவாள் என்பதால் அவளுக்கென்று இரண்டாவதாக ஒன்று.

"வந்திருக்கா, இல்லியா? ஒத்த வார்த்த சொல்லு."

"இல்லம்மா."

இரண்டாவது ஹாரன் அடித்தது. "இந்தா வாரேன், ஊரக் கூட்டாதய்யா" என்று அவரிடம் சொன்னாள். போன் நின்றது.

வெடித்தது பதினோரு மணிக்கு. அந்தச் சத்தம் விருதுநகர் வரை வரவில்லை. மாரிசெல்வியின் போனில்தான் முதலில் வந்தது. கம்பெனி பெயர், இடிந்த சுவர், புகை. இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் மதியத்துக்கு மேல் வந்தது. ஐந்து பெயரில் மூன்றாவது, இருளம்மாள், என் அம்மா. மேடம் என்னைப் பார்க்க வந்தபோது என் முகத்தில் ஐந்தாறு முத்து எழும்பியிருந்தது. அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

சாயங்காலம் நாகையா மாமா என்னைக் கூட்டிப் போக வந்தார். அம்மாவின் தம்பி. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். கேட்டருகே நான் போனதும் என் முகத்தைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார். பிறகு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

"உள்ள போ தாயி. சாவுத் துஷ்டியிலருந்து வாரேன், எம்மேல பட்ட காத்து ஒம்மேல படக்கூடாது."

"நான் வாரேன் மாமா."

"ஆத்தா மேல இருக்கையில வரக்கூடாதும்மா. நான் பாத்துக்கிடுதேன்." ஒரு லாரி இடையே போனது. அது போன பிறகு சொன்னார், "அழுவாத. அழுதா கண்ணுல முத்து விழுந்துரும்."

நான் அழவில்லை. எல்லாரும் அதையே சொன்னார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். காரணம் ஒன்று கையில் கொடுக்கப்பட்டிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். அன்றே அடக்கம் முடிந்தது. ஒரு துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள் என்றும், யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்றும் பின்னால் தெரிந்தது. விடுதியின் சாமான் அறையைக் காலி செய்து என்னைப் படுக்க வைத்தார்கள். மாரிசெல்வி கூடவே இருந்தாள், அவளுக்கு இனி வராது. நான் சொறியாமல் இருக்க என் இரண்டு கைகளையும் தன் மடியில் பிடித்து வைத்துக்கொள்வாள். ஒரு முறை, "என்னாலதான ஒனக்கு வந்துச்சு?" என்றாள். அவள் கேட்டது எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "அது ஒண்ணுமில்ல" என்றேன். ஏழாம் நாள், ஒன்பதாம் நாள், பதினோராம் நாள், வெயிலில் வைத்த வேப்பிலைத் தண்ணீரை அவள்தான் எனக்கு ஊற்றினாள். மூன்றாவது தண்ணீர் ஊற்றிய அன்று சாயங்காலம் மாமா மறுபடி வந்தார். இந்த முறை கேட்டுக்குள் வந்து பையை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் எல்லாம் கழுவி விட்டிருந்தார்கள், வடக்கு மூலையைத் தவிர. அங்கே அம்மாவின் பழைய வெள்ளை நூல் சேலை நாலாக மடித்து விரித்திருந்தது. அதன் மேல் வேப்பிலை. பச்சை போய், சுருண்டு, பழுப்பாகிக் கிடந்தது. தலைமாட்டில் ஒரு செம்பு. துஷ்டிக்கு வந்த அத்தனை பேரும் அதைச் சுற்றி நடந்திருக்கிறார்கள். ஆத்தாவுக்கு விரித்ததை யாரும் தொடவில்லை.

"போன வச்சதும் பெத்தணன நிக்கச் சொல்லிட்டு வேப்பங்கொள ஒடிச்சு ஒனக்குப் படுக்க விரிச்சிருக்கா" என்றார் மாமா. "பொழுது சாய ஒன்னயக் கூட்டியாரப் போறேன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டுத்தான் வேன் ஏறிருக்கா." என் காதருகே இருந்த பொருக்கைப் பார்த்தார். "அவ ஒன்கிட்ட கேட்டாளா தாயி?"

"கேக்கல மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வாசலில் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் விடியும்போது நான் அந்தச் சேலையின் மேல்தான் படுத்திருந்தேன். எப்போது போய்ப் படுத்தேன் என்று தெரியவில்லை. புரளும்போது இலைகள் நொறுங்கி முழங்கையில் ஒட்டின. ஏழு மணியைத் தாண்டியிருக்கும். பெத்தணன் அண்ணன் இப்போது வேறு கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிறார். வேன் தெருமுனையில் வந்து நின்றது. எல்லாருக்குமான அந்த ஒரு ஹாரன் அடித்தார். செருப்புச் சத்தங்கள் ஓடின, கதவு இழுபட்டுச் சாத்திக்கொண்டது. வேன் கிளம்பவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அசையாமல் படுத்திருந்தேன்.