முன்சீட்டில் ஆள் இருக்கிறார்

"உங்க வீட்டு வண்டியில முன்னால யார் உக்காருவாங்க?"

"நைனா."

"நைனா வராத அன்னிக்கு?"

"நைனா வராம வண்டி எடுக்க மாட்டோம்."

கல்யாணமான ஐந்தாம் நாள் சந்திரகலா கேட்டதற்குத் துளசிராமன் சொன்ன பதில் இது. சொல்லும்போது சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

திருநின்றவூரிலிருந்து அவளுடைய அப்பா ரயிலில் பட்டணத்துக்கு வேலைக்குப் போய் வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போவார். பலகை சீட்டில் இருவரும் ஒட்டி உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டு, வில்லிவாக்கம் வரும்வரை எதையாவது பேசிச் சண்டை போடுவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பயணம் போவதென்றால் அதுதான் என்று சந்திரகலாவின் மனத்தில் பதிந்திருந்தது. கார் இருக்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டபோது, ரயிலைவிட வசதியாகச் சண்டை போடலாம் என்றுகூட ஆசைப்பட்டாள்.

அது கறுப்பு நிற பிளைமவுத். பொன்னேரியில் நிலமும் அரிசி ஆலையும் வைத்திருந்த அவள் மாமனார் தேசப்பன், பட்டணத்து வக்கீல் ஒருவரிடம் வாங்கியது. தெருவை அடைத்துக்கொண்டு வரும். ஊரில் அதைக் கப்பல் என்றார்கள். மூத்த மகன் துளசிராமன் ஓட்டுவான். அவன் பக்கத்தில் நைனா தேசப்பன், வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு உட்காருவார். பெண்களும் பிள்ளைகளும் பின்னால். மாமியார் லட்சுமியம்மாளுக்கு ஒரு ஜன்னல், சந்திரகலாவுக்கு ஒரு ஜன்னல், பிறகு கல்யாணமாகி வந்த ஓரகத்தி சம்பூர்ணத்துக்கு நடு இடம்.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் தேசப்பன் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து முதல் தடவை வண்டி எடுத்த அன்று, லட்சுமியம்மாள் அந்தத் தடியை ஈரத்துணியால் துடைத்து எடுத்து வந்து முன்சீட்டில் சாய்த்து வைத்தாள். பிறகு பின்னால் வந்து தன் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். அதுவே வழக்கமாகிவிட்டது.

ஒரு தடவை நெல் கொள்முதல் அதிகாரி ஒருவரை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அவர் முன்கதவைத் திறந்தார்.

"அங்க ஆளு கீறாரு" என்றாள் லட்சுமியம்மாள்.

அதிகாரி தடியைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், பின்னால் வந்து பிள்ளைகளுக்கு நடுவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆக, பதினாறு வருஷத்தில் சந்திரகலாவுக்குப் புருஷனின் முகத்தைவிடப் பிடரி நன்றாகப் பழகிவிட்டது. இடது காதுக்குக் கீழே இருக்கும் மச்சம், முடி வெட்டின அன்று தெரியும் வெள்ளைக் கோடு, அவனுக்கே தெரியாமல் அங்கே வந்த முதல் நரை எல்லாம் அவளுக்குத் தெரியும். வீட்டில் எந்நேரமும் ஆலை ஆட்கள், உறவுக்காரர்கள். சாப்பாடு, சட்டை, சாவி என்பதைத் தாண்டி அங்கே பேச்சு கிடையாது. வண்டியில்தான் துளசிராமன் உள்ளே இருக்கும் கண்ணாடியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்வான். அவன் தம்பி முனிகிருஷ்ணன் எப்போதாவது வண்டியை எடுத்தால் கத்துவான்.

"இன்னாண்ணா இது, கண்ணாடி கோணிக்கினு கீது. பின்னால லாரி வந்தா எமன்தான் ஆரன் அடிச்சிச் சொல்லணும்."

அடுத்த தடவை துளசிராமன் அதைத் திரும்பவும் அவள் பக்கமே திருப்பி வைப்பான். அவனுக்கும் ஆசை உண்டு. அம்மாவிடம் சொல்லத்தான் வாய் கிடையாது.

கப்பலுக்கு வயதாகிவிட்டது. கதவை மூட இரண்டு கை வேண்டும். மழை பெய்தால் பின்சீட்டுக்காரர்கள் உள்ளேயே குடை பிடிக்க வேண்டும். ஒரு போல்ட் தேடிப் பட்டணத்தில் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகள் முழுக்க அலைய வேண்டும். பெட்ரோல் விலை ஏறிய பிறகு, அதை எடுக்கும்போதெல்லாம் முனிகிருஷ்ணன் வயிற்றில் கை வைத்துக்கொண்டான். ஆனாலும் வண்டியை மாற்றலாம் என்றால் லட்சுமியம்மாள், "அடுத்த பொங்கலுக்குப் பாக்கலாம்" என்பாள். பொங்கல் வரும், போகும்.

1974 ஆவணியில், கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், கவரைப்பேட்டை தாண்டிப் பெரிய ரோட்டில் கப்பல் நின்றுவிட்டது. எதிரே இரும்புப் பட்டறையில் அப்போதுதான் ஷிப்டு முடிந்திருந்தது. ஆட்கள் சுற்றி வந்து நின்றார்கள். பச்சையப்பன் என்கிற தாட்டியான ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தள்ளி ஓரமா உட்ரலாம் சார்" என்றான். பட்டுப்புடவைகள் எல்லாம் இறங்கின.

"சார் எறங்கி நம்பகூடத் தள்ளட்டும். யம்மா, நீ முன்னால குந்திக்கினு ஸ்டியரிங்க லேசா புடிச்சிக்கோ, போதும்" என்று பச்சையப்பன் சந்திரகலாவிடம் சொன்னான்.

அவள் கை கதவுப் பிடிவரை போய்விட்டது.

"சந்திரா, அங்க ஆளு கீறாரு. மாமனாரு பக்கத்துல குந்துவியா?" என்றாள் லட்சுமியம்மாள்.

பச்சையப்பன் குனிந்து உள்ளே பார்த்தான். "ஆளா? எங்க? தடி ஒண்ணுதான் கீது."

"பெரியவர் தடி" என்றான் துளசிராமன், தரையைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப பெரியவரையே ஸ்டியரிங் புடிக்கச் சொல்லு சார்."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் ஒரு டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்தது. பாரம் கூடாது என்று பெண்கள் நடந்தார்கள். வெயில், புழுதி, கையில் கல்யாணத் தாம்பாளம். முன்னால் கப்பல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் துளசிராமன். பக்கத்தில் மெத்தென்ற சீட்டில் தடி மட்டும் ஆடி ஆடிச் சொகுசாகப் போனது. சந்திரகலா அதையே பார்த்துக்கொண்டு நடந்தாள். செருப்பு வார் அறுந்தது. குனிந்து அதைக் கையில் எடுத்தவள், நிமிரும்போதே சொல்லிவிட்டாள்:

"நான் இனிமே பின்சீட்டுல ஏற மாட்டேன்."

அதை எல்லோரும் தங்களுக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டார்கள். பின்சீட்டு ஸ்பிரிங் குத்துகிறது என்று நினைத்தாள் சம்பூர்ணம். முனிகிருஷ்ணனுக்கு ஒரே சந்தோஷம். "அண்ணியே சொல்லிட்டாங்க. வண்டிய மாத்தியே ஆவணும்" என்று அன்றே தரகர் துலுக்காணத்துக்கு ஆள் அனுப்பினான். சந்திரகலா யாரையும் திருத்தவில்லை. அந்த வாரம் பஞ்செட்டியில் ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்தது. தட்டிக்கொட்டி எழுப்பிய கப்பலில் எல்லோரும் ஏறினார்கள். அவள் ஏறவில்லை.

"இன்னா பிடிவாதம் இது" என்றாள் லட்சுமியம்மாள். "முப்பது வருசம் அவரு பின்மண்டையப் பாத்துக்கினே போனவ நானு. எனக்கு இன்னா கொறைஞ்சி பூட்ச்சி?"

சொன்ன பிறகு அந்த அம்மாள் ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைச் சந்திரகலா கவனித்தாள்.

அவள் பஸ்ஸில் போனாள். அதற்கடுத்த வாரம் கடைத்தெருவுக்கும் பஸ். மூன்றாவது தடவை துளசிராமன் மட்டும் கப்பலை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தான்.

"ஏறு சந்திரா. ஊரே பாக்குது."

"எங்க ஏற?"

அவன் பக்கத்து சீட்டைப் பார்த்தான். தடி இருந்தது. அம்மா உடன் வராத நாளிலும் அதை எடுக்கக் கை வராது அவனுக்கு.

"பின்னால கதவு தொறந்துதான் கீது."

"அப்ப எனக்கு பஸ்ஸே போதும்."

பஸ் வந்தது. டிரைவர் பக்கத்தில் இன்ஜினை ஒட்டிய நீள சீட்டுதான் காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். முன்கண்ணாடி வழியாக ரோடு முழுசாக அவளை நோக்கி வந்தது. நெல் வயல்கள் இரண்டு பக்கமும் பிரிந்து வழிவிட்டன. முன்னால் உட்கார்ந்தால் உலகம் இப்படித்தான் வருமா என்று இருந்தது. யாரோ ஒரு டிரைவர், பீடி வாசனையோடு, "கால பாத்து வச்சிக்கோம்மா, இன்ஜின் சூடு" என்றான். ஊர் பேர் தெரியாதவன் பக்கத்தில் உட்கார ஒரு தடையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கப்பல் பஸ்ஸை முந்தியது. துளசிராமன் நிமிர்ந்து பார்த்தான். மேலிருந்து அவன் முகம் முழுசாகத் தெரிந்தது, பக்கத்தில் தடியும் தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன்தான் திருப்பிக்கொண்டான்.

துலுக்காணம் முதலில் கொண்டுவந்தது இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சிவப்பு நிறம். முனிகிருஷ்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். லட்சுமியம்மாள் தடியை எடுத்துவந்து முன்சீட்டில் வைத்துப் பார்த்தாள்.

"பின்னால எப்படிப் போறது?"

"முன்சீட்ட அப்படியே மடக்கிட்டுப் போவணும்மா" என்றார் துலுக்காணம்.

"அவர மடக்கிட்டு நாங்க ஏறணுமா?"

ஹெரால்டு வந்த வழியே போயிற்று.

அடுத்தது பியட். "பெட்ரோல மோந்து பாத்தாலே ஓடும்மா" என்றார் துலுக்காணம். தடி உட்கார்ந்தது. ஆனால் பின்னால் மூன்று பெண்களும் நான்கு பிள்ளைகளும் உட்காரவில்லை. சம்பூர்ணம் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நின்றுகொண்டு, "நான் அடுத்த வண்டியில வரேன்" என்றாள்.

"முன்னால ரெண்டு பேரு தாராளமா குந்தலாமேம்மா" என்று துலுக்காணம் இழுத்தார்.

"அங்க ஆளு கீறாரு."

"அதுவும் சரிதான். பெரியவருக்கே வண்டி புடிக்கலன்னு வச்சிக்குவோம்."

இதையெல்லாம் சந்திரகலா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எது வேகம், எது மிச்சம், எது மவுசு என்று ஆண்கள் மூன்று வாரமாகப் பேசினார்கள். எந்த வண்டி வேண்டும் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எந்த வண்டியானாலும் சரி என்றிருப்பாள். தடி ஒவ்வொரு வண்டியிலும் அவளுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. கப்பல் போய்விடும்; சீட்டு அப்படியே இருக்கும். இன்னும் பதினாறு வருஷம் இன்னொரு வண்டியில் அதே பிடரி. அதற்குள் அது முழுக்க நரைத்துவிடும்.

மூன்றாவதாக வந்தது அம்பாசடர். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலை மேனேஜர் ஒருவர் வடக்கே மாற்றலாகிப் போகிறாராம். பாலாடை நிறம். முன்சீட்டே ஒரு சோபா மாதிரி. தடி அதில் கால் நீட்டிப் படுத்தது. பின்னால் எல்லோரும் அடங்கினார்கள். லட்சுமியம்மாள் தலையசைத்தாள். துலுக்காணம் கப்பலைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை பூஜை போட்டார்கள். கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"மொத ஓட்டம் திருநின்றவூர்ப் பெருமாள் கோயிலுக்கு. சந்திரா ஊருக்கு. அவ கோபமும் தணியட்டும்" என்றாள் லட்சுமியம்மாள்.

மனசார விட்டுக்கொடுத்துச் சொன்னதுதான். அது சந்திரகலாவுக்கும் தெரிந்தது. இந்த அம்மாள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்!

துளசிராமன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். கை தானாக மேலே போய்க் கண்ணாடியைத் திருப்பியது. புது வண்டியின் கண்ணாடி சிறியது, கெட்டி. கொஞ்சம்தான் திரும்பியது. இன்னும் திருகினான். அது அசையவில்லை.

சம்பூர்ணமும் பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். "வாங்கக்கா, உங்க ஜன்னல வுட்டு வச்சிருக்கேன்" என்று கூப்பிட்டாள் சம்பூர்ணம். வீட்டுக்குள்ளிருந்து லட்சுமியம்மாள் தடியோடு வந்தாள். புதிதாகத் துடைத்து, குங்குமம் வைத்திருந்தாள்.

சந்திரகலா பின்கதவைத் தாண்டி நடந்தாள். முன்கதவுக்கு எதிரில் போய் நின்று, பிடியில் கை வைத்தாள். கவரைப்பேட்டை ரோட்டில் பாதியில் நின்ற அதே கை.

"இன்னாம்மா?" என்றாள் லட்சுமியம்மாள். "கொஞ்சம் நவுரு. அவர வைக்கணும்."

அவள் நகரவில்லை. துலுக்காணம் சட்டென்று டயரைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். துளசிராமன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி ஜன்னல் வழியாக அவளையே பார்த்தான். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

"அத்தை" என்றாள் சந்திரகலா. "முப்பது வருசம் மாமாவப் பின்னாலேர்ந்தே பாத்துக்கினு வந்தேன்னு சொன்னீங்க. இனிமே மாமா உங்க பக்கத்துல வரட்டும். ஜன்னலோரமா வச்சிக்குங்க. எனக்கு இவரு பக்கத்துல எடம் வேணும்."