பேராயர் குடித்த கோழிச்சாறு

அன்று சாயங்காலம் எஸ்கோலாஸ்திகா அம்மாவின் அடுப்பை இடிக்கப்போகிறார்கள். லிமா நகரத்துச் சாந்தா ரூஃபினா கன்னியர் மடத்து முற்றத்தில் கொத்தன் மெல்கோர் கடப்பாரையோடு வந்து உட்கார்ந்துவிட்டான். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்ததே அந்தச் சின்ன அடுப்பு ஒன்றுதான்.

எல்லாம் புதுப் பேராயர் பல்தசார் செய்த வேலை. எதையாவது சீர்திருத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மடத்துக்கு ஒரே சமையலறை, அவரவர் தனி அடுப்பை இடித்துவிட வேண்டும். வாரத்துக்கு ஒருவர் முறைவைத்துச் சமைக்க வேண்டும். சாப்பிடும்போது வாய் திறக்கக் கூடாது, தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. நோயாளி இருந்தால் மட்டும் தனி அடுப்பு. பாழாய்ப்போன மடத்தில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள்.

சட்டம் நடக்கிறதா என்று பார்க்க அவரே அன்று மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அந்த வாரம் வெந்துரா அம்மாவின் முறை. பிரபு வீட்டுப் பெண். சமையலறை எந்தப் பக்கம் என்றே அன்று காலையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அம்மா, லோக்ரோக் குழம்புக்குப் பூசணிக்காயைத் தோலோடயா போடணும்?"

"பேராயர் ஆண்டவர் சட்டத்துல அதைப் பத்தி ஒண்ணும் இல்லையேம்மா" என்றாள் எஸ்கோலாஸ்திகா. சொல்லிக்கொடுக்காதது பாவம்தான். தெரிந்தேதான் செய்தாள்.

பேராயர் முதல் கரண்டியை வாயில் வைத்தார். அடி தீய்ந்து, மேலே வேகாமல், நடுவில் ஒரு பிடி மிளகாய். கண்ணில் நீர் முட்டியது. திட்டவும் முடியாது, மிச்சம் வைக்கவும் முடியாது. இரண்டும் அவர் போட்ட சட்டம். அந்த மட்டுக்கு யோக்கியர், வழித்துச் சாப்பிட்டார். காலித் தட்டைப் பார்த்துப் பூரித்துப்போன வெந்துரா இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள்.

எஸ்கோலாஸ்திகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதையும் அவர் தின்று தீர்த்தபோது சிரிப்பு போய்விட்டது. இந்த மனுஷன் செத்தாலும் சட்டத்தை மாற்ற மாட்டார், அடுப்பு போயேபோச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

நன்றி ஜெபம் முடிந்ததும் பேராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"உங்க அடுப்பு இன்னும் இருக்காம்மா?"

"சாயங்காலம் வரைக்கும் இருக்கு ஆண்டவரே."

"மடத்துல ஒரு நோயாளி இருக்காரு. கொஞ்சம் கோழிச்சாறு வேணும்."

"யாரு ஆண்டவரே?"

"நான்தான்! சீக்கிரம் போங்கம்மா!"

சட்டப்படி அடுப்பு எரிந்தது. மடத்தில் நோயாளி இருக்கும்வரை அதைத் தொடக் கூடாது என்று சொல்லி மெல்கோரை அனுப்பிவிட்டார்.

மறுநாள் பேராயர் எழுந்து தன் அரண்மனைக்குப் போனார். அதற்குள் மடமே படுத்துவிட்டது. முதலில் படுத்தவள் வெந்துரா. கடப்பாரையோடு திரும்பி வந்த மெல்கோர் கோழிச்சாற்றின் வாசனையை ஒருமுறை இழுத்துவிட்டு, கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவைத்தான்.

"அம்மா, எனக்கும் காலையிலேர்ந்து உடம்பு ஒரு மாதிரியாத்தான் இருக்கு."