மூடாத பின்கதவு

மிருகக்காட்சி சாலையின் கிழட்டுக் கரடிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் குண்டம்மா. ஊசியைக் கண்டாலே கூண்டை இரண்டுபடுத்திய அந்தக் கரடி, இப்போது தானாக வந்து கம்பியில் தோளை ஒட்டி நிற்கிறது. முதலில் விரலால் தொட்டு, பிறகு குச்சியால், பிறகு மூடி கழற்றாத ஊசியால் என்று மாதக்கணக்கில் அதைப் பழக்கியவள் பயிற்சியாளர். தோளைக் கொடுத்தால் தேன்; பிடிக்காவிட்டால் பின்கதவு வழியாகப் போய்விடலாம். அந்தக் கதவை அவள் ஒருநாளும் மூடியதில்லை.

அன்று ஊசி போட மருத்துவர் தயாராக நிற்க, மேலாளர் விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒரே சளசளப்பு. குண்டம்மா பாதி தூரம் வந்து திரும்பிப் போய்விட்டது.

"என்னம்மா இது, மானம் போகுது! மறுபடி வந்ததும் பின்கதவ இழுத்து மூடு. மூலைல நெருக்கிக் குத்தினா ஒரு நிமிஷ வேலை."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"உங்களுக்கு ஒரு நிமிஷம் சார். அப்புறம் ஆயுசுக்கும் அது இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காது."

"கரடிக்குப் போய் இவ்வளவு மரியாதையா?"

"நம்பித் தோளக் குடுக்குதே, அதுக்குத்தான் மரியாதை! கதவ மூடணும்னா என்னையும் உள்ள வச்சு மூடுங்க."

விருந்தினர்களில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மேலாளர் முகம் கடுகடுக்க எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

இரைச்சல் அடங்கியது. அவள் கோபத்தை விழுங்கிக்கொண்டு மெதுவாகக் கூப்பிட்டாள். குண்டம்மா ஆடி அசைந்து வந்து தோளைக் கொடுத்தது. மருத்துவர் ஊசி போட்டு முடிக்கும்வரை தேனை நக்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதா?" என்று வெளியிலிருந்து மேலாளர் கத்தினார்.

"நீங்க வெளிய போனதுமே முடிஞ்சுது சார்!"